பள்ளி ஹாலில் ஓபரா: பிள்ளைகள் சிரித்தால் என்ன செய்வது?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 27. சென்னையில் மேற்கத்தியப் பாட்டு கற்று, இங்கிலாந்தில் முதுகலை முடித்து, இப்போது வடக்கு இங்கிலாந்தில் சொப்ரானோவாக, அதாவது உச்ச ஸ்தாயிப் பெண் குரலில், பாடுகிறேன். ஓபரா என்னும் மேற்கத்திய இசை நாடகம் போடும் ஒரு நிறுவனத்தின் பள்ளிச் சுற்றுப்பயணத்தில் ஆறு வார வேலை கிடைத்திருக்கிறது. நான்கு பாடகர்கள், ஒரு பியானோ கலைஞர், ஒரு வேன். மொசார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழ’லைச் சுருக்கிக் காலையில் ஒரு தொடக்கப் பள்ளியிலும் மத்தியானம் ஒரு மேல்நிலைப் பள்ளியிலும் போடுகிறோம். பிள்ளைகளை இழுக்க வேண்டும் என்று அதில் வரும் ‘இரவு ராணி’ பாத்திரத்தின் கோபப் பாட்டைத்தான் முதலில் வைத்திருக்கிறார்கள். அதை நான் பாடுகிறேன். முதல் வாரமே நொந்துபோனேன். வாயைத் திறந்ததும் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒரு பையன், “ஏன் இப்படிக் கத்துறீங்க?” என்றே கேட்டுவிட்டான். மேல்நிலைப் பள்ளிப் பையன்கள் சேர்ந்து பாடச் சொன்னால் வாயே திறப்பதில்லை. காலை ஒன்பது மணிக்குப் பாடிப் பாடித் தொண்டையும் கட்டுகிறது. ஊரில் அப்பா, “பள்ளிக்கூடத்துல பாடவா இத்தனை லட்சம் செலவு பண்ணோம்?” என்கிறார். இந்த வேலையில் தொடரலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

தொடருங்கள். ஆறு வாரத்தையும் முடித்துவிட்டு, அதற்கப்புறம் இந்த வேலை வேண்டுமா வேண்டாமா என்று பாருங்கள். நானும் மேடையிலும் பள்ளிகளிலும் மாறி மாறிப் பாடிப் பிழைக்கிறவள்தான். நீங்கள் எழுதியிருக்கும் சங்கடங்களில் பெரும்பாலானவை உங்கள் குரலால் வந்தவையும் இல்லை, பிள்ளைகளால் வந்தவையும் இல்லை. நிகழ்ச்சியை அடுக்கியிருக்கும் விதத்தால் வந்தவை. அதை மாற்ற முடியும், அதுவும் இந்தப் பயணத்துக்குள்ளேயே.

முதலில் அந்தச் சிரிப்பைப் பார்ப்போம். அந்தப் பிள்ளைகள் இதுவரை கேட்ட பாட்டெல்லாம் மைக் வழியாகவும் ஸ்பீக்கர் வழியாகவும் இயர்போன் வழியாகவும் வந்தவை. சத்தம் கூடினால் குறைத்துக்கொள்ள ஒரு பொத்தான் இருந்தது. எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு மனுஷியின் உடம்பிலிருந்து இவ்வளவு பெரிய ஒலி வருவதை முதல் தடவையாகப் பக்கத்தில் பார்க்கிறார்கள். உடம்பு திடுக்கிடுகிறது. திடுக்கிட்ட குழந்தை சிரிக்கும், காதைப் பொத்தும், பக்கத்தில் இருப்பவன் என்ன செய்கிறான் என்று திரும்பிப் பார்க்கும். இதில் அவமானம் எதுவும் இல்லை. சிரிக்காதீர்கள் என்று ஆசிரியர் அதட்டுவதற்கு விடாதீர்கள். அதட்டினால் அடுத்த முக்கால் மணி நேரமும் அவர்கள் ஒழுங்காக உட்கார்ந்திருப்பார்கள், ஒன்றும் காதில் ஏறாது.

நம் குரலை நாம் எதற்குப் பழக்கியிருக்கிறோம் என்றும் யோசித்துப் பாருங்கள். அறுபது எழுபது பேர் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி, கடைசி வரிசை வரைக்கும் மைக் இல்லாமல் போக. பயிற்சி பெற்ற ஆண் குரல்களில் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியாற்றல் திரண்டு நிற்பதை ஸ்வீடனைச் சேர்ந்த குரலாய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் அளந்து காட்டியிருக்கிறார். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அந்தப் பக்கம்தான். சொப்ரானோ உச்சத்துக்குப் போகும்போது வேறு வழியில், வாயையும் தொண்டையையும் திறந்து ஒத்ததிர்வைச் சுருதிக்கு ஏற்ப நகர்த்தி, அதே பலனை அடைகிறாள். முழுக்குரலில் பாடும்போது பாடுகிறவரின் காதருகிலேயே 100 டெசிபலைத் தாண்டும். இப்படிப்பட்ட குரலை, சாப்பாட்டு மேஜைகளை மடித்து ஓரமாக நிறுத்தியிருக்கும் ஒரு ஹாலில், சுவரெல்லாம் எதிரொலிக்க, ஆறடி தூரத்தில் தரையில் சம்மணம் போட்டிருக்கும் ஏழு வயதுக் குழந்தைமேல் திடீரென்று விட்டால் அது வேறு என்ன செய்யும்?

அதனால் உச்சத்திலிருந்து தொடங்காதீர்கள். பிள்ளைகள் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் ஹாலின் பின்சுவர் ஓரம் நில்லுங்கள். அறிமுகம் எதுவும் வேண்டாம். வாயை மூடி, நடு ஸ்தாயியில் ஒற்றை ஸ்வரம். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தலைகள் திரும்பும். மெல்ல வாயைத் திறந்து, அதே ஸ்வரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, மறுபடி நூலளவுக்குக் கொண்டுவாருங்கள். கல்லூரியில் மெஸ்ஸா தி வோச்சே என்று உயிரை வாங்கியிருப்பார்களே, அதுதான். அதைப் பாடிக்கொண்டே அவர்களுக்கு நடுவில் நடந்து முன்னால் வாருங்கள். ஒலி பெரிதாவதை அவர்கள் கண்ணெதிரே பார்த்தால் காது அதற்கு ஈடுகொடுத்துவிடும்.

பலூன் வைத்தும் செய்யலாம். ஊதிக் கட்டிய பலூனை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் லேசாகப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை உங்கள் பக்கத்தில் நிற்கட்டும். நீங்கள் பாடப் பாட பலூனின் தோல் அதிரும், அந்த அதிர்வு விரல் நுனியில் தெரியும். காது கேளாத பிள்ளைகள் இருக்கும் வகுப்புகளில் இதை விட்டுவிடவே கூடாது. ஆரியாவின், அதாவது ஓபராவில் ஒருவர் தனியாகப் பாடும் பாட்டின், எந்த இடம் மேலே போகிறது, எந்த இடம் இறங்குகிறது என்று அந்தப் பிள்ளைகள் கையாலேயே சொல்வார்கள். ரப்பர் பலூன் சிலருக்கு ஒவ்வாமை தரும், ஆகவே பள்ளியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், குழந்தைகளை நம் விலா எலும்பில் கை வைக்கச் சொல்வது, நாம் அவர்கள் முதுகைத் தொட்டுக் காட்டுவது எல்லாம் வேண்டாம். அவரவர் கை அவரவர் விலாவில் இருக்கட்டும். ஹாலில் எப்போதும் ஓர் ஆசிரியர் உடன் இருக்க வேண்டும். உங்கள் டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சான்று கையில் இருந்தாலும் இந்த விதியைத் தளர்த்தாதீர்கள்.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். “ஏன் இப்படிக் கத்துறீங்க?” முதல் வாரத்தில் உங்களிடம் யாரும் கேட்ட கேள்விகளில் இதுதான் ஆகச் சிறந்தது என்பேன். ஏனென்றால் கதைக்குள் அதற்கு ஒரு பதில் இருக்கிறது, அந்தப் பதில் அவனுக்குக் கொடுக்கப்படவில்லை.

இரவு ராணி ஏன் அப்படிப் பாடுகிறாள்? தன் எதிரியான சராஸ்த்ரோவின் இடத்தில் இருக்கும் மகள் பமீனாவைத் தேடி வருகிறாள். மகள் கையில் ஒரு கத்தியைக் கொடுக்கிறாள். இதால் அவனைக் கொன்றுவிடு, கொல்லாவிட்டால் நீ என் மகளே இல்லை என்கிறாள். அந்த ஆத்திரம் பேச்சில் அடங்காமல் உச்ச எஃப் ஸ்வரம் வரைக்கும் ஏறுகிறது, ஒரே பாட்டில் நான்கு முறை. மொசார்ட் இதை இரண்டாம் அங்கத்தில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதற்குள் நமக்குப் பமீனாவைத் தெரியும், அவள்மேல் ஒரு பிரியம் வந்திருக்கும். அதையெல்லாம் தாண்டிவிட்டு உச்ச ஸ்வரத்தை மட்டும் பிய்த்துத் தொடக்கத்தில் வைத்தால் அது வெறும் வித்தை ஆகிவிடுகிறது. அம்மா கோபமாக இருக்கிறாள் என்று தெரிந்த குழந்தை காதைப் பொத்தாது. அம்மாவின் கோபம் எப்படி இருக்கும் என்று எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லியா தர வேண்டும்? கதை தெரிந்த பிறகு இந்தப் பாட்டைக் கேட்கும் பிள்ளைகள் ராணியைப் பார்ப்பதே இல்லை, கத்தியோடு நிற்கும் பமீனாவின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். உங்கள் குழுவில் பமீனா பாடுகிறவரிடம் சொல்லி வையுங்கள், அந்த மூன்று நிமிடமும் அவர்தான் நடிக்க வேண்டும்.

உங்கள் இயக்குநரிடம் போய், இந்தப் பாட்டை அதன் இடத்துக்கே திரும்ப நகர்த்தலாமா என்று கேளுங்கள். இளையவள் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். பயணத்தின் முதல் வாரத்துக்குப் பிறகு வரிசையை மாற்றுவது எல்லாக் குழுக்களிலும் நடக்கிறதுதான்.

அப்படியானால் தொடக்கத்தில் யார் வருவது? பப்பகேனோ. பறவை பிடிப்பவன். நம் ஊர்த் தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்கிறான்? ராஜா வருவதற்கு முன்னாலேயே வந்து, ஜனங்களோடு ஊர்ப் பேச்சுப் பேசி, ராஜாவையே குறுக்குக் கேள்வி கேட்டு, கதையைச் சபையின் நடுவில் இறக்கி வைத்துவிடுகிறான். அவன் கூத்துக்குள்ளும் இருக்கிறான், சபைக்குள்ளும் இருக்கிறான். இன்று நாம் மகாபாரதத்தின் சிறப்புகளைக் காண்போம் என்று அங்கே யாரும் ஆரம்பிப்பதில்லை. பள்ளி நிகழ்ச்சியை நடத்தும் பாடகருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. உங்கள் பாரிடோன், நடுத்தர ஆண் குரல் பாடகர், பப்பகேனோவாகவே ஹாலுக்குள் வரட்டும், இந்தப் பக்கம் ஏதாவது பறவை பறந்ததா என்று பிள்ளைகளைக் கேட்கட்டும். ஓபரா என்றால் என்ன, அது இத்தாலியில் எப்போது பிறந்தது, சொப்ரானோ யார், டெனர் யார் என்ற விளக்கம் எல்லாம் கேள்வி நேரத்துக்கு. யாராவது கேட்டால் சொல்லலாம்.

இந்த ஓபராவே பிறந்தது அப்படி ஓர் இடத்தில்தான். 1791-ல் வியன்னாவின் புறநகர் அரங்கம் ஒன்றில், அரண்மனை மேடையில் இல்லை. கதை எழுதிய ஷிகானேடர் ஒரு நாடகக்காரர், அரங்கத்தை நடத்தியவரும் அவரே, பப்பகேனோவாக நடித்தவரும் அவரே. இதைப் பள்ளிக்குக் கொண்டுபோவதால் அதன் மதிப்பு குறைகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. பிள்ளைகளைக் கட்டிப்போட நினைக்காதீர்கள், அவர்களுக்கு வேலை கொடுங்கள். அவர்கள் இல்லாவிட்டால் கதை நகராது என்கிற மாதிரி நிஜமான வேலை.

இதை உலகத்துக்கு அழகாகச் செய்து காட்டியவர் ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டென். 1949-ல் அவர் எழுதிய ஒரு சிறுவர் ஓபராவில், புகைபோக்கி துடைக்க விற்கப்பட்ட சிறுவனின் கதையில், பார்வையாளர்களுக்கென்றே நான்கு பாட்டுகள் உண்டு. அவற்றை அரங்கத்திலேயே சொல்லிக்கொடுத்துப் பாட வைப்பார்கள். 1958 ஜூன் 18 அன்று சஃபோக் மாவட்டத்தின் ஆர்ஃபர்ட் தேவாலயத்தில் அரங்கேறிய ‘நோயஸ் ஃபிளட்’ இன்னும் ஒரு படி மேலே போனது. நோவாவின் பேழைக் கதை. நோவாவும் அவர் மனைவியும் தேர்ந்த பாடகர்கள். பேழைக்குள் ஜோடி ஜோடியாகப் போகும் மிருகங்கள் எல்லாம் பள்ளிப் பிள்ளைகள். ஆர்கெஸ்ட்ராவிலும் அப்படியே: தொழில்முறைக் கலைஞர்கள் சிலர், அவர்களைச் சுற்றி ரெக்கார்டர் என்ற குழலும் பியூகிள் என்ற ஊதுகொம்பும் கைமணியும் வாசிக்கும் சிறுவர் கூட்டம். மழையின் முதல் துளிகள் விழும் இடத்துக்கு பிரிட்டென் என்ன வைத்தார் தெரியுமா? கயிற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட பீங்கான் கோப்பைகள். அவற்றை ஒரு குழந்தை மரக்கரண்டியால் தட்ட வேண்டும். இசைப் பயிற்சியே இல்லாத குழந்தையாலும் அது முடியும். ஆனால் அந்தக் குழந்தை தட்டினால்தான் மழை தொடங்கும், மழை தொடங்கினால்தான் வெள்ளம். பின்னால் வானவில் தோன்றும் இடத்தில் கைமணிகள் ஒலிக்கும்போது பெரியவர்களுக்குக் கண் கலங்கிவிடும், நானே பார்த்திருக்கிறேன். இதைத் தியேட்டரில் போடாதீர்கள், தேவாலயத்திலோ வேறு பெரிய கட்டடத்திலோ போடுங்கள் என்றும் அவர் குறிப்பு எழுதி வைத்தார். ஊர்ப் பிள்ளைகள் புழங்கும் இடத்துக்கு ஓபரா போக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இன்று பள்ளிகளுக்குப் போகும் நல்ல திட்டங்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்த வழியில்தான் நடக்கின்றன. ஸ்காட்டிஷ் ஓபரா 1971-லேயே கல்விப் பிரிவு தொடங்கிவிட்டது. அவர்களுடைய தொடக்கப் பள்ளிப் பயணத்தில் பாட்டுகள் முன்கூட்டியே பள்ளிக்குப் போய்விடும், ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்து வைப்பார்கள். குழு காலையில் வந்து பிள்ளைகளோடு ஒத்திகை பார்க்கும். மத்தியானம் அதே பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு அப்பா அம்மா முன்னால் நடிப்பார்கள். இத்தாலியில் கோமோ நகரத்தை மையமாக வைத்து அஸ்லிகோ என்ற ஓபரா அமைப்பு 1996-ல் தொடங்கிய ‘ஓபரா தொமானி’யில் பிள்ளைகள் அரங்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் தங்கள் இடம் வந்ததும் இருக்கையிலிருந்தே பாடுவார்கள், வகுப்பில் செய்து கொண்டுவந்த பொருள்களைத் தூக்கிக் காட்டுவார்கள். மேடையில் இருக்கும் பாடகர் அவர்களுக்காகக் காத்திருப்பார். தேர்ந்த பாடகர் ஒருவர் நமக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள், எந்த வகுப்பிலும் இதைப் பார்க்கலாம்.

உங்கள் நிகழ்ச்சியில் இப்படி ஓர் இடத்தை மொசார்ட்டே தயாராக வைத்திருக்கிறார். பொய் சொன்னதற்காகப் பப்பகேனோவின் வாயில் பூட்டுப் போட்டுவிடுகிறார்கள். அவனால் ‘ம் ம் ம்’ என்று மட்டும்தான் பாட முடியும். அந்த ‘ம் ம் ம்’ முழுவதையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். ஜெர்மன் தேவையில்லை, ஆங்கிலம் தேவையில்லை, புதிதாக இந்த நாட்டுக்கு வந்து பேசக் கூச்சப்படும் பிள்ளைக்கும் அது வரும். ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ராணியின் மூன்று தோழிகள் வந்து பூட்டைத் திறக்கும் வரை இருநூறு பிள்ளைகளும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ‘ம் ம் ம்’ என்று சுருதியோடு முனகிக்கொண்டிருப்பார்கள். உங்கள் பாரிடோன் அந்தக் காட்சியில் திணறுவது போல நடித்தால் ஹாலே அதிரும். அது வேண்டிய சிரிப்பு.

மேல்நிலைப் பள்ளிப் பையன்கள் விஷயத்துக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. பன்னிரண்டு பதிமூன்று வயதில் ஆண் பிள்ளைகளின் குரல்வளை வளர்கிறது. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. இறங்கிக்கொண்டிருக்கும் மாதங்களில் சிலருக்கு ஐந்தாறு ஸ்வரங்கள்தான் ஒழுங்காகப் பேசும். அதற்கு மேலே போனால் கீச்சென்று உடையும். நண்பர்கள் முன்னால், பிடித்த பெண் பக்கத்தில் இருக்கும்போது, குரல் உடையும் என்ற பயத்தோடு எவன் வாயைத் திறப்பான்? அவர்களுக்கு விருப்பமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பியானோ கலைஞரிடம் சொல்லி, நடு சி-க்குக் கீழே ஐந்து ஸ்வரத்துக்குள் அடங்கும் ஒரு வரியைத் தயார் செய்யுங்கள். சராஸ்த்ரோவின் பூசாரிகள் கூட்டம் அதற்கு ஏற்றது. அவர்களை எழுந்து நிற்க வைத்து, கீழ் ஸ்தாயியில் பாடும் பாஸ் பாடகரை அவர்கள் நடுவில் நிறுத்துங்கள், முன்னால் வேண்டாம். அவர் பாடும்போது அவர் குரல் மறைப்பாக இருக்கும், அந்த மறைவில் இவர்கள் பாடுவார்கள். ஒருத்தனையும் தனியாகப் பாடச் சொல்லாதீர்கள். “நீ சும்மா வாயை அசை” என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்லப்பட்டு வாழ்நாள் முழுவதும் பாடாமல் போன பெரியவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

ராப் சேர்த்தால் பையன்களுக்குப் பிடிக்குமே என்று குழுவில் யாராவது சொல்லக்கூடும். பையன்களே எழுதிக் கொண்டுவந்தால் தாராளமாகச் சேருங்கள். நாம் அவர்களைப் பிடிக்க வேண்டும் என்று போட்டால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி தொண்டை. காலை ஒன்பது மணிக்குக் கோபப் பாட்டு என்பது யாருக்கும் நல்லதில்லை. பாட்டை அதன் இடத்துக்கு நகர்த்தினால் இருபது இருபத்தைந்து நிமிடம் உடம்பு சூடேற நேரம் கிடைக்கும். வேன் புறப்படுவதற்கு முன்னால் வீட்டிலேயே, ஒரு தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து அதன் வழியே ஊதிக்கொண்டே ஸ்வரங்களை மேலும் கீழும் ஓட்டுங்கள். ஸ்ட்ரா வழியே குரல் கொடுக்கும் பயிற்சியைப் பரப்பியவர் அமெரிக்கக் குரலறிவியலாளர் இங்கோ டிட்ஸே. குரல்நாண்களுக்குச் சுமை குறைவு, பக்கத்து வீட்டுக்காரரும் எழுந்துகொள்ள மாட்டார். மத்தியான நிகழ்ச்சியில் ஆரியா முழுவதையும் பாட வேண்டுமா என்றும் பேசிப் பாருங்கள். கதை சொல்ல அதன் முதல் பாதியும் அந்த உச்சங்களும் போதும்.

ஆனால் உங்கள் தொண்டை கட்டுவது பாட்டால் இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. பேச்சால் இருக்கும். இருநூறு பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே பேசும்போது நாம் பாட்டில் செய்யாத எல்லாத் தப்பையும் செய்கிறோம்: மூச்சில்லாமல், கழுத்து இறுக்கி, தொண்டையாலேயே. பேசுவதற்கு மட்டும் ஒரு சின்ன ஹெட்செட் மைக் வாங்கச் சொல்லுங்கள். பாடும்போது அதை அணைத்துவிடுங்கள், பிள்ளைகளுக்கு வித்தியாசம் தானாகப் புரியும். அமைதியாக்கக் கத்தாதீர்கள். ஒரு கைதட்டுத் தாளத்தைச் சொல்லிக்கொடுத்து வையுங்கள். நீங்கள் தட்டினால் அவர்கள் திருப்பித் தட்ட வேண்டும், தட்டி முடிக்கும்போது ஹால் அடங்கியிருக்கும். நிகழ்ச்சி முடிந்து வேனில் ஏறினதும் அரட்டை வேண்டாம். பிள்ளைகளிடமிருந்து சளி வரும், அதைத் தடுக்க முடியாது. வந்தால் பாடாதீர்கள். உங்களுக்கு மாற்று யார் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாடகர்களுக்கும் சங்கமாக இருக்கும் ஈக்விட்டியில் சேர்ந்து ஆலோசனை கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை நிகழ்ச்சி, நடுவில் எவ்வளவு ஓய்வு என்பதையெல்லாம் கையெழுத்துப் போடும் முன்பே பேசுவதுதான் நல்லது.

அப்பா கேட்டதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பணம் போட்டவர் கேட்கத்தான் செய்வார். அவருக்கு இங்கிலாந்தின் நிலவரத்தைச் சொல்லுங்கள். பெரிய ஓபரா நிறுவனங்களின் கோரஸ் வேலைகளே, அதாவது கூட்டமாகப் பாடுகிறவர்களின் நிரந்தர வேலைகளே, சுருங்கி வருகின்றன. 2024-ல் இங்கிலீஷ் நேஷனல் ஓபராவின் கோரஸ் முழு வருட வேலையை இழந்து பகுதிநேர ஒப்பந்தத்துக்கு இறங்கியது. 27 வயதில் ஆறு வாரம் தொடர்ந்து சம்பளத்தோடு மொசார்ட் பாடுகிறீர்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. இங்கிலீஷ் நேஷனல் ஓபராவின் வரலாறும் அப்பாவுக்குப் பிடிக்கும். லண்டனில் ஓல்ட் விக் அரங்கத்தை 1912 முதல் நடத்திய லிலியன் பேலிஸ், கூலி வேலை செய்கிறவர்களும் வாங்கக்கூடிய மலிவு டிக்கெட்டில் ஆங்கிலத்தில் ஓபரா போட்டார். 1931-ல் சாட்லர்ஸ் வெல்ஸையும் திறந்தார். இங்கிலீஷ் நேஷனல் ஓபரா அங்கிருந்து வளர்ந்ததுதான். அவர்களின் கல்விப் பிரிவு நெடுங்காலம் பேலிஸ் பெயரிலேயே இருந்தது. சாதாரண ஜனங்களுக்குப் பாடுவது இந்த நாட்டில் ஓபராவின் வெறும் ஓரத்து வேலை இல்லை.

தொழிலுக்கும் லாபம் உண்டு. பெரிய மேடையில் வெளிச்சத்துக்கு அப்பால் முகங்கள் தெரியாது. பள்ளி ஹாலில் ஒவ்வொரு முகமும் தெரியும். நீங்கள் ஒரு வரியைப் பொய்யாகப் பாடினால் முன்வரிசைக் குழந்தை உடனே ஷூ லேஸைப் பிரித்து விளையாட ஆரம்பித்துவிடும். இதைவிடக் கறாரான நடிப்புப் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஆடிஷன் நாட்களை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எந்தெந்தத் தேதி வேண்டும் என்று மேலாளரிடம் இப்போதே எழுதிக் கொடுங்கள். வருடம் முழுக்கப் பள்ளிப் பயணம் மட்டுமே என்று ஆகிவிட்டால், ஆர்கெஸ்ட்ராவோடு பாடும் பழக்கம் விட்டுப்போகும், அதுவும் உண்மை. ஆறு வாரமும் முடிந்த பிறகும் பிள்ளைகளோடு இருப்பது உங்களுக்குப் பாரமாகவே இருந்தால் விட்டுவிடுங்கள். பிடிக்காமல் வருகிற பாடகரைப் பிள்ளைகள் கண்டுகொள்வார்கள், அது அவர்களுக்கும் நியாயம் இல்லை.

ஒன்று மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கும், உங்கள் நிறுவனத்திலும் கேட்டுப் பாருங்கள். நாம் ஒரு நாள் வந்து, ஹாலை அதிர வைத்துவிட்டுப் போய்விடுகிறோம். மறுநாள் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன மிச்சம்? பொதுப் பணம் வாங்கும் நிறுவனங்கள் இத்தனை பள்ளிகளுக்குப் போனோம் என்று கணக்குக் காட்ட வேண்டியிருப்பதால் பள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும் ஆசை எளிதில் வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் பாதிப் பள்ளிகளுக்குப் போய், ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது தடவை போவது மேல். லீட்ஸ் நகரத்தின் ஓபரா நார்த் 2013 முதல் நடத்தும் ‘இன் ஹார்மனி’ திட்டத்தில், தென் லீட்ஸ் பள்ளிகளில் பள்ளி நேரத்திலேயே, வாரந்தோறும், எல்லாப் பிள்ளைகளும் பாடுகிறார்கள், கருவி கற்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் மட்டும் என்று பிரிப்பதில்லை. உங்கள் நிறுவனத்தால் அந்த அளவுக்கு முடியாமல் இருக்கலாம். ஆனால் பாட்டுகளின் பியானோப் பதிவை முன்கூட்டியே ஆசிரியருக்கு அனுப்புவதும், இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு பாடகர் திரும்பிப் போய் வகுப்போடு ஒரு மணி நேரம் பாடுவதும் பெரிய செலவு இல்லை. அப்படித் திரும்பிப் போக யாராவது வேண்டும் என்றால் நீங்கள் முன்வாருங்கள்.

அப்புறம் ஒவ்வொரு பள்ளியிலும் நிகழ்ச்சி முடிந்ததும் யாராவது ஒரு பிள்ளை ஓரமாக நின்றுகொண்டிருக்கும். எல்லோரும் போன பிறகு வந்து, இதையெல்லாம் எங்கே கற்றுக்கொள்வது என்று கேட்கும். அதற்குப் பதில் உங்கள் பையில் அச்சடித்துத் தயாராக இருக்க வேண்டும்: அந்த வட்டாரத்தில் பிள்ளைகளின் இசைக் கல்வியைப் பார்த்துக்கொள்ளும் மியூசிக் ஹப், அங்கே இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ நடக்கும் சேர்ந்திசைக் குழுக்கள், உங்கள் நிறுவனத்துக்கு இளையோர் குழு இருந்தால் அதன் சேர்க்கைத் தேதி, ஒத்திகையைப் பார்க்க அனுமதி உண்டா என்பது, பஸ் கட்டணத்துக்கு உதவி கிடைக்குமா என்பது. தாளைக் குழந்தையிடம் கொடுக்காமல் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பிள்ளையின் பெயரையும் அவரிடமே சொல்லிவிடுங்கள். பள்ளியிலிருந்து கடிதம் போனால் வீட்டில் படிப்பார்கள்.

அன்புடன்,
அக்கா